முதுகுப் பையில் ஒரு கம்போ

லூசியானா மாநிலத்தின் மிக உயரமான இடம் ட்ரிஸ்கில் மலை. உயரம் வெறும் 163 மீட்டர். கேஜன் மக்கள் மலையேறிச் சமைத்தவர்கள் அல்ல. 1755இல் நோவா ஸ்கோஷியாவிலிருந்து ஆங்கிலேயர்கள் துரத்தத் தொடங்கிய பிரெஞ்சுக் குடியானவர்கள் அவர்கள். 1760களின் நடுவில் லூசியானாவின் சதுப்பு நிலங்களுக்கு வந்து சேர்ந்தார்கள். கிடைத்த இறாலையும் நண்டையும் பன்றியையும் அரிசியையும் கனத்த இரும்புச் சட்டியில் மணிக்கணக்காக வேகவைத்துச் சாப்பிட்டுப் பழகினார்கள். அந்தச் சமையலுக்கு நேரம் வேண்டும், கொழுப்பு வேண்டும், கனமான பாத்திரம் வேண்டும். கூடாரத்தை முதுகில் சுமந்து நடப்பவரிடம் இந்த மூன்றுமே இருக்காது.

ஆனாலும் டெக்சஸிலிருந்தும் லூசியானாவிலிருந்தும் வாஷிட்டா மலைகளுக்கும் அப்பலாச்சியன் ட்ரெயிலுக்கும் கிளம்பும் இளைஞர்கள் என்னிடம் வந்து, கடையில் விற்கும் காய்ந்த உணவுப் பொட்டலங்கள் சலித்துவிட்டன, வேறு வழி உண்டா என்று கேட்கிறார்கள். உண்டு. நேரம் பிடிக்கும் வேலையை எல்லாம் வீட்டு அடுப்பில் முடித்து, சமைத்ததை டீஹைட்ரேட்டர் என்ற உணவு உலர்த்தியில் காயவைத்துவிட்டு, கொழுப்பை மட்டும் முகாமில் சேர்க்க வேண்டும். கீழே நான் சொல்வதெல்லாம் இந்த ஒன்றின் கிளைகள்தான்.

1. முதல் பயணத்துக்கே கம்போ என்ற கெட்டிக் குழம்பைச் செய்யப் போகாதீர்கள். சிவப்பு பீன்ஸும் சோறும் செய்யுங்கள். இது நியூ ஆர்லியன்ஸ்காரர்கள் திங்கட்கிழமைதோறும் செய்யும் பண்டம். அன்று துணி துவைக்கும் நாள். ஞாயிற்றுக்கிழமை விருந்தில் மிஞ்சிய பன்றி எலும்பைப் போட்டு, பானையை அடுப்பில் விட்டுவிட்டுத் துவைக்கப் போவார்கள். கறாரானவர்கள் இதைக் கேஜன் அல்ல, நகரத்துக் கிரியோல் உணவு என்பார்கள். கேஜன் வீடுகளிலும் இது வேகிறது. காட்டுக்கு இதைப்போல் ஒத்துவரும் உணவு வேறில்லை. வெந்த பீன்ஸில் மூன்றில் ஒரு பங்கை மசித்துக் குழம்போடு கலந்து, உலர்த்தியின் தட்டில் எண்ணெய் புகாத தாளை விரித்து, மெல்லிசாகப் பரப்பி 57 டிகிரி செல்சியஸில் வையுங்கள். எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பாதி வழியில் அடையைப் போலத் திருப்பிப் போட்டால் அடிப்பக்கமும் காயும். காய்ந்தபின் கையால் நொறுக்கினால் பொடியும் துண்டுமாக உதிரும். வெந்நீர் பட்டதும் அந்தப் பொடி கெட்டிக் குழம்பாகிவிடும். முழு பீன்ஸ் காயும்போது வெடித்துத் திறந்துகொள்வதால் தண்ணீரைச் சீக்கிரம் உறிஞ்சும்.

2. உலர்ந்த கிட்னி பீன்ஸை வாங்கிச் சமைக்கிறீர்கள் என்றால், குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அரை மணி நேரம் தளதளவென்று கொதிக்கவிடுங்கள். இந்தப் பயறில் லெக்டின் என்ற நச்சுப்புரதம் உண்டு. கொதிநிலையை எட்டாத மந்தச் சூட்டில், உதாரணமாக ஸ்லோ குக்கரில், அது அழியாது. வாந்தியும் வயிற்றுப்போக்குமாய்ப் படுத்திவிடும். காட்டில் அது விளையாட்டல்ல. உலர்த்தியின் சூடும், முகாமில் ஊற்றும் வெந்நீரும் இந்தக் குறையைத் தீர்க்காது. டப்பாவில் வரும் பீன்ஸ் ஏற்கெனவே நன்றாக வெந்தது. தொடக்கக்காரர்களுக்கு அதுவே போதும்.

3. வெங்காயம், செலரி, குடமிளகாய் ஆகிய மூன்றையும் கேஜன் சமையல்காரர்கள் புனித மூவர் என்பார்கள். நம் வீடுகளில் கடுகு தாளிக்காமல் குழம்பு இல்லாததுபோல் அங்கே இந்த மூன்றும் இல்லாமல் எதுவும் தொடங்குவதில்லை. அரை சென்டிமீட்டருக்கு மேல் போகாமல் ஒரே அளவாக நறுக்குங்கள். பெரிய துண்டும் சின்னத் துண்டும் கலந்திருந்தால் சின்னது கருகும், பெரியது உள்ளே ஈரத்தோடு நிற்கும். செலரி காய்ந்தால் கைப்பிடி அளவாகச் சுருங்கிவிடும், பயப்படாதீர்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: வெங்காயம் காயும் வாசனை இரவு முழுக்க வீட்டை நிறைக்கும். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் முதலில் பக்கத்து வீட்டாரோடு நல்லுறவை வளர்த்துக்கொள்ளுங்கள். எனக்குக் கார் கொட்டகை இருக்கிறது. உலர்த்தி அங்கேதான் குடியிருக்கிறது.

4. உலர்த்தப் போகும் எதிலும் எண்ணெயோ வெண்ணெயோ கொழுப்போ சேர்க்காதீர்கள். தண்ணீர் ஆவியாகும், கொழுப்பு ஆகாது. அது பையிலேயே கிடந்து சிக்குப் பிடித்து நாறும். காய்களை வதக்க வேண்டுமென்றால் ஒட்டாத சட்டியில் இரண்டு கரண்டி சூப்புத் தண்ணீர் விட்டு வதக்குங்கள்.

கொழுப்பில்லாமல் கேஜன் சமையலா என்று கேட்பீர்கள். கொழுப்பு உண்டு, தனியாக வரும். திருகு மூடி போட்ட சின்ன பிளாஸ்டிக் பாட்டிலில் எண்ணெய் எடுத்துப் போங்கள். அந்தப் பாட்டிலை இன்னொரு ஜிப்லாக் பைக்குள் போடுங்கள். ஒரு ஆளின் இரவுச் சாப்பாட்டில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் கலந்தால் கிட்டத்தட்ட 240 கலோரி கூடும். மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு நான்கு கலோரிதான் தரும். கொழுப்பு ஒன்பது தரும். சுமையைக் குறைக்க நினைப்பவர்களுக்கு இதைவிட நல்ல கணக்கு கிடையாது. குளிர் காலமென்றால் நெய் எடுத்துப் போங்கள். உறைந்து கிடப்பதால் ஒழுகாது, வெண்ணெயைப்போல் வெளியில் கெடவும் செய்யாது. எட்டூஃபே போன்ற வெண்ணெய்க் குழம்புகளுக்கு நெய் அழகாகப் பொருந்துகிறது.

5. இனி ரூ பற்றிச் சொல்கிறேன். மாவையும் கொழுப்பையும் சம அளவில் கலந்து, கிண்டிக் கிண்டி நிறம் ஏற்றுவதுதான் ரூ. கம்போவின் உயிரே அதுதான். ஆனால் பாதி கொழுப்பாக இருக்கும் பண்டத்தை உலர்த்த முடியாது என்று இப்போதுதான் சொன்னேன். வழி என்னவென்றால் உலர் ரூ. லூசியானாவில் எண்ணெய் குறைக்க வேண்டியவர்கள் பலரும் இதைத்தான் செய்கிறார்கள்.

இரும்புச் சட்டியில் எண்ணெயே விடாமல் மைதாவைப் போட்டு, மிதமான தீயில், மரக்கரண்டியால் விடாமல் துழாவுங்கள். தொலைபேசி அடித்தால் அடிக்கட்டும். அரை மணியிலிருந்து முக்கால் மணி வரை ஆகலாம். முதலில் ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். பிறகு வறுத்த வேர்க்கடலை வாசனை வரும். அதற்கப்புறம் நிறம் வேகமாக ஓடும், அங்கேதான் கவனம் வேண்டும். ஒரு இடத்தில் கருகினாலும் மொத்தமும் கசந்துவிடும். கொட்டிவிட்டு மறுபடி தொடங்குவதுதான் வழி. சட்டியருகே நிற்கப் பொறுமை இல்லாதவர்கள் 200 டிகிரி ஓவனில் தட்டில் பரப்பி, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கிளறிவிட்டும் செய்யலாம். இலவங்கப்பட்டைத் தூள் நிறத்தில் நிறுத்துங்கள். உலர்மாவு பார்வைக்கு வெளுத்தே இருக்கும். தண்ணீரும் எண்ணெயும் பட்டதும் இரண்டு படி கருக்கும். இன்னும் கொஞ்சம் என்று ஆசைப்பட வேண்டாம்.

நிறம் ஏற ஏற மாவின் கெட்டிப்படுத்தும் சக்தி குறையும், ஏனென்றால் சூட்டில் ஸ்டார்ச் உடைந்துபோகிறது. எனவே வெளிர்மாவுக்குச் சொல்லும் அளவைப்போல் இரண்டு மடங்கு எடுத்துக்கொள்ளுங்கள். முகாமில் கொதிக்கும் தண்ணீரில் நேரே தட்டினால் கட்டிதட்டும். குவளையில் குளிர்ந்த தண்ணீரில் கரைத்து, பிறகு பாத்திரத்தில் ஊற்றி, ஐந்து நிமிடம் கொதித்தபின் எண்ணெயைச் சேருங்கள்.

6. வெண்டைக்காயைக் காயவைக்க நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் மோரும் உப்பும் வேண்டாம். வட்டமாக நறுக்கி அப்படியே உலர்த்துங்கள். வெந்நீரில் அதன் வழவழப்பு மீண்டு வந்து கம்போவைக் கெட்டியாக்கும். பழைய வீடுகளில் வெண்டைக்காய் கிடைக்கும் கோடையில் அதைப் போடுவார்கள். கிடைக்காத குளிர்காலத்தில் ஃபீலே பொடி போடுவார்கள். இரண்டையும் ஒரே பானையில் போடுவது வழக்கமல்ல. ஃபீலே என்பது சாஸஃப்ராஸ் மரத்து இலையைக் காயவைத்துப் பொடித்தது. சாக்டா பழங்குடி மக்களிடமிருந்து வந்த கொடை. மலையேறுபவருக்கு அது வரம். ஒரு கரண்டிப் பொடிக்கு எடையே இல்லை. ஆனால் அடுப்பை அணைத்தபின்தான் தூவ வேண்டும். கொதிக்கவிட்டால் நூல்நூலாக இழுத்துக்கொண்டு வரும்.

7. இறைச்சி விஷயத்தில் மட்டும் உங்கள் சொந்த மூளையை அடக்கி வையுங்கள். உலர்த்தியின் சூடு கிருமியைக் கொல்லும் என்று நம்பி, பச்சை இறைச்சியைத் தட்டில் வைக்கவே கூடாது. மாட்டிறைச்சியும் பன்றியும் உள்ளே 71 டிகிரி, கோழி 74 டிகிரி தொட்டபின்தான் உலர்த்திக்குப் போக வேண்டும். சமையல் தெர்மாமீட்டர் விலை அதிகமில்லை.

எந்த இறைச்சி என்பது அடுத்த கேள்வி. அண்டூயி சாஸேஜ் இல்லாமல் கம்போவா என்று லூசியானாக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். அவர்கள் சொல்வது நியாயம். ஆனால் அண்டூயியில் கொழுப்பு அதிகம், காயவைத்தால் சிக்கெடுக்கும். கொழுப்பில்லாத ஹாமைப் பொடியாக நறுக்கி உலர்த்தி, புகைவாசனைக்குப் புகையூட்டிய பாப்ரிகா ஒரு கரண்டி சேருங்கள். அசல் கேஜன் வீட்டில் அந்தப் பாப்ரிகா கிடையாது, தெரியும். பன்னிரண்டு கிலோ மூட்டையோடு ஏற்றம் ஏறியவருக்கு அந்த வித்தியாசம் தட்டுப்படாது.

வீட்டில் வேகவைத்த கோழித்துண்டு காய்ந்தபின் எவ்வளவு ஊறவைத்தாலும் ரப்பராகவே இருக்கும். டப்பாக் கோழி அழுத்தத்தில் வெந்தது என்பதால் நாருநாராகப் பிரிந்து, சீக்கிரம் மெத்தென்று ஆகும். அரைத்த மாட்டிறைச்சியென்றால், அரைக் கிலோவுக்கு அரைக் கப் ரொட்டித்தூள் பிசைந்து வறுத்து, கொதிநீரில் அலசிக் கொழுப்பை இறக்கிவிட்டு உலர்த்துங்கள். ரொட்டித்தூள் பின்னால் தண்ணீரை இழுத்துத் தரும். டர்ட்டி ரைஸ் என்ற இறைச்சிச் சோற்றுக்கு இதுவே கைகொடுக்கும்.

இறாலுக்கு நீங்கள் உழைக்கவே வேண்டாம். காய்ந்த இறால் லூசியானாவின் பழந்தொழில். பராட்டாரியா விரிகுடாவின் சதுப்பில் மரக்கால் நட்டுக் கட்டிய மேடைகளில் சீனர்களும் பிலிப்பினோக்களும் இறாலைப் புழுக்கி, வெயிலில் காயவைத்து, மேலே ஏறி ஆடியே ஓட்டை உதிர்த்தார்கள். அப்படிப்பட்ட ஊர்களில் ஒன்றான மணிலா வில்லேஜ் 1965இல் பெட்ஸி சூறாவளியில் அழிந்தது. இன்றும் லூசியானாக் கடைகளில் சின்னப் பொட்டலமாகக் காய்ந்த இறால் தொங்கும். கருவாட்டுக் கடையின் வாசனை தெரிந்த மூக்குக்கு அது அந்நியமாகப் படாது. முகாமை அடையும் ஒரு மணி நேரத்துக்கு முன் குளிர்ந்த நீரில் ஊறப்போட்டால் போதும். இறால் சிலருக்கு ஒவ்வாது. ஒரே பாத்திரத்தில் பலர் சாப்பிடும் பயணமென்றால் கிளம்பும் முன்பே எல்லோரிடமும் கேட்டுவிடுங்கள்.

8. அரிசி புழுங்கல் அரிசியாக இருக்கட்டும். அங்கே அதை கன்வர்ட்டட் ரைஸ் என்று விற்கிறார்கள். பச்சரிசிச் சோறு காய்ந்து மறுபடி ஊறும்போது குழைந்து களியாகும். புழுங்கல் தனித்தனியாக நிற்கும். உப்பும் பிரிஞ்சி இலையும் போட்ட எலும்புச் சாற்றில், கொழுப்பை எடுத்துவிட்டு, வேகவைத்தால் இன்னும் ருசி. வெந்த சோற்றை மணிக்கணக்காக அடுப்படியில் ஆறவிடாதீர்கள். பேசிலஸ் செரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதித்தாலும் சாகாமல், வெதுவெதுப்பான சோற்றில் முளைத்து நஞ்சு விடும். அந்த நஞ்சு பிறகு எவ்வளவு சுடவைத்தாலும் போகாது. வடித்ததும் தட்டில் பரப்பி உலர்த்தியில் வைத்துவிடுங்கள். காய்ந்த சோறு டப்பாவில் போட்டால் கூழாங்கல்போல் சலசலக்க வேண்டும்.

9. தண்ணீர் எவ்வளவு ஊற்றுவது என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஒரு தராசு வாங்குங்கள். சமைத்த ஒரு ஆள் சாப்பாட்டை உலர்த்தும் முன் நிறுத்து எழுதி வையுங்கள். காய்ந்தபின் மறுபடி நிறுங்கள். 520 கிராம் 140 கிராம் ஆனால், போனது 380 கிராம் தண்ணீர். முகாமில் ஊற்ற வேண்டியதும் 380 மில்லிதான். கொதியில் ஆவியாவதற்காக ஒரு மடக்குக் கூட்டிக்கொள்ளுங்கள். பையின் மேல் மார்க்கர் பேனாவால் பெயர், தேதி, தண்ணீர் அளவு மூன்றையும் எழுதுங்கள்.

10. காய்ந்ததை உடனே பையில் கட்டாதீர்கள். கண்ணாடி ஜாடியில் முக்கால் பங்கு நிரப்பி மூடி, ஒரு வாரம் தினமும் குலுக்குங்கள். கண்ணாடியின் உட்புறம் ஈரம் பூத்தால் மறுபடி உலர்த்தி. பூஞ்சை தெரிந்தால் குப்பைத் தொட்டி. இறைச்சி கலந்ததைப் பயண நாள்வரை ஃப்ரீசரில் வைத்திருங்கள்.

11. மசாலா. கேஜன் என்றாலே நாக்கு எரியும் காரம் என்று உலகம் எண்ணிக்கொண்டிருக்கிறது. இதற்குப் பாதிக் காரணம் பால் ப்ருடோம். ஓபலூசஸில் பிறந்து, 1979இல் நியூ ஆர்லியன்ஸில் கே-பால்ஸ் உணவகத்தைத் திறந்து, ரெட்ஃபிஷ் மீனை மசாலாவில் புரட்டிக் கருக்கிக் கொடுத்தார். அமெரிக்கா முழுக்க அதைப் பார்த்துச் செய்தது. அந்த மீனைப் பிடிக்கவே கட்டுப்பாடு வரும் அளவுக்குப் போயிற்று. ஆனால் ப்ருடோமின் மசாலாவில் நான் மதிப்பது காரத்தை அல்ல, அடுக்கை. வெள்ளை மிளகு, கருமிளகு, சிவப்பு மிளகாய் மூன்றும் வாயில் வெவ்வேறு இடத்தில், வெவ்வேறு நேரத்தில் தட்டும். அதோடு பூண்டுப் பொடி, வெங்காயப் பொடி, பாப்ரிகா, தைம், ஆரிகானோ. நீங்களே கலந்துகொள்ளுங்கள். கடையில் விற்கும் கேஜன் மசாலாக்கள் பலவற்றில் முதல் சரக்கே உப்புதான். ஹாமும் உப்பு, எலும்புச் சாறும் உப்பு. இவற்றோடு அதையும் கொட்டினால் இரவு முழுக்கத் தண்ணீர் தவிக்கும். ஓடையோ கிலோமீட்டர் தள்ளி இருக்கும்.

காரத்தைக் குறைவாகப் போட்டு உலர்த்துங்கள். காய்ந்த பண்டத்தில் மிளகாய் இன்னும் தூக்கலாகத் தெரியும், போட்டதை எடுக்க முடியாது. வேண்டியவர்களுக்கு டபாஸ்கோ சின்னப் பாட்டில் இருக்கவே இருக்கிறது. 1868இலிருந்து ஏவரி தீவில் செய்கிறார்கள். அமெரிக்கச் சிப்பாய்களின் உணவுப் பொட்டலத்தில்கூட விரல் நீளப் பாட்டிலாக அது போயிருக்கிறது. அந்த வினிகர்ப் புளிப்பும் நல்லது. காய்ந்து மீண்ட உணவுக்கு எப்போதும் கொஞ்சம் புளிப்புக் குறையும்.

12. முகாமில் உங்கள் வேலை சொற்பமாக இருக்க வேண்டும். தண்ணீரைக் கொதிக்கவைத்து, உணவைக் கொட்டி, ஒரு கொதி வந்ததும் அடுப்பை அணையுங்கள். பாத்திரத்தை மூடி, அலுமினியப் படலம் ஒட்டிய குமிழித்தாளில் தைத்த உறைக்குள் இருபது நிமிடம் விட்டுவிடுங்கள். கெட்டிக் குழம்பை மெல்லிய டைட்டானியப் பாத்திரத்தில் கொதிக்கவிட்டால் அடிபிடிக்கும், கேஸும் வீண். உயரம் ஏற ஏறத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். கொலராடோவில் 3,000 மீட்டரில் 90 டிகிரி அளவில்தான் கொதிக்கும். அங்கே இருபது நிமிடத்தை முப்பதாக்குங்கள், பீன்ஸை முன்னாலேயே ஊறப்போடுங்கள். ஆனால் இறைச்சி கலந்ததை வெயிலில் மணிக்கணக்காக ஊறவைக்காதீர்கள். தண்ணீர் பட்ட நொடியிலிருந்து அது சாதாரணச் சமைத்த உணவு, கெடும்.

வாஷிட்டாவிலும் ஸ்மோக்கி மலைகளிலும் கருங்கரடி உண்டு. ஹாமும் பூண்டும் உங்களுக்கு மணப்பதைவிட அதற்கு மணக்கும். கூடாரத்திலிருந்து குறைந்தது எழுபது தப்படி தள்ளிச் சமையுங்கள். உணவு, காலிப்பை, பல்பசை எல்லாம் இரவில் மரக்கிளையிலோ கரடிப் பெட்டியிலோ இருக்கட்டும். பாத்திரம் கழுவிய நீரை ஓடையில் ஊற்றாமல், அதே எழுபது தப்படி தள்ளி, பருக்கைகளை வடிகட்டி எடுத்துக்கொண்டு, பரவலாகத் தெளியுங்கள்.

13. கிளம்பும் முன் ஒருமுறை வீட்டுக் கொல்லையில் உட்கார்ந்து, அதே அடுப்பில், அதே பாத்திரத்தில், அளந்த தண்ணீரில் செய்து சாப்பிட்டுப் பாருங்கள். வீட்டு கேஸ் அடுப்பில் செய்து பார்த்தது கணக்கில் சேராது. பீன்ஸ் கடித்தால் நறநறக்கிறதா, எண்ணெய் போதவில்லையா, உப்பு தூக்கலா என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும்.

முதல் பயணத்துக்கு இரண்டு இரவு போதும். லூசியானாவிலேயே இருப்பவர்களுக்குக் கிசாட்சி தேசியக் காட்டில் வைல்ட் அசேலியா ட்ரெயில் இருக்கிறது. ஏற்றம் பெரிதாக இல்லை. முதல் இரவு சிவப்பு பீன்ஸும் சோறும். இரண்டாம் இரவு தக்காளி சேர்க்காத ஜம்பலாயா: புழுங்கல் சோறு, புனித மூவர், டப்பாக் கோழி, ஹாம், மசாலா எல்லாம் ஒரே பையில். கம்போவை மூன்றாவது பயணத்துக்கு வையுங்கள். அதற்குள் மாவு வறுக்கக் கை பழகியிருக்கும். எண்ணெய்ப் பாட்டில், டபாஸ்கோ, ஃபீலே மூன்றையும் ஒரே சிறு பையில் போட்டு மூட்டையின் மேல்புறத்தில் செருகுங்கள். அடியில் போட்டால் தூக்கப் பை முழுக்க மிளகாய் வாசனை அடிக்கும்.